நன்றி நோட்டு ஏன் அலுத்துப்போகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தூக்கம் பற்றிய ஒரு பதிலில், படுக்கும் முன் அன்று நடந்த நல்ல விஷயங்கள் இரண்டு மூன்றை எழுதிப் பாருங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. நிறையப் பேர் எழுதிப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதும் நன்றியுணர்வுக்கே.

கேள்வி: தினமும் இரவில் எழுதுகிறேன். முதல் சில நாள் நன்றாக இருந்தது. இப்போது "குடும்பம், ஆரோக்கியம், வேலை" என்று அதே மூன்றைத் திரும்பத் திரும்ப எழுதி மூடி வைக்கிறேன், வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது. இதில் உண்மையிலேயே பலன் உண்டா?

பலன் உண்டு. ஆனால் பட்டியல் போடுவதால் அது வராது. "குடும்பம்" என்று எழுதும்போது உங்கள் மனதில் எந்தக் காட்சியும் ஓடுவதில்லை, அது ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பதில், "சாயங்காலம் எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தேன், மகள் எதுவும் கேட்காமல் பையை வாங்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்" என்று எழுதிப் பாருங்கள். எழுதி முடிப்பதற்குள் அந்தச் சாயங்காலம் இன்னொரு முறை நடந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பயிற்சி.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள். 2003-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, பத்து வாரம், வாரம் ஒருமுறை எழுத வைத்தார்கள். ஒரு குழு நன்றியோடு நினைக்கும் விஷயங்களை, இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை, மூன்றாவது குழு நல்லது கெட்டது என்று பிரிக்காமல் தங்களைப் பாதித்த நிகழ்வுகளை. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லவிதமாக உணர்ந்தார்கள், உடம்பில் அது வலிக்கிறது இது வலிக்கிறது என்று குறைவாகச் சொன்னார்கள், எரிச்சல்களை எழுதியவர்களைவிட உடற்பயிற்சிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கினார்கள். ஆனால் இரண்டு வாரம் தினமும் எழுத வைத்த இன்னொரு சோதனையில் மனநிலை மட்டும்தான் மேம்பட்டது, உடல் உபாதைகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நன்றிப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் உங்கள் அலுப்பு. அது உங்கள் குறை இல்லை. மனது எதற்கும் பழகிவிடும், புது வீடு சில மாதத்தில் வெறும் வீடாகிவிடுவதுபோல, தினமும் எழுதும் நன்றியும் சடங்காகிவிடும். சோனியா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் குழுவின் ஆறு வாரச் சோதனை ஒன்றில் சிலர் வாரம் ஒருமுறை எழுதினார்கள், சிலர் வாரம் மூன்று முறை. மனநலம் கூடியது வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான். ஆகவே நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினால் போதும். ஒரே ஒரு விஷயம் எழுதினாலும் போதும், ஆனால் முழுதாக எழுதுங்கள்: யார், எப்போது, என்ன செய்தார், அவர் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாமே, ஏன் செய்தார்.

அந்த "ஏன்" முக்கியம். மார்ட்டின் செலிக்மேன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் மட்டும் இரவுதோறும் மூன்று நல்ல விஷயங்களை, அவை ஏன் நடந்தன என்ற காரணத்தோடு எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. அதிலும் அந்த ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குக் கூடுதல் பலன். காரணத்தைத் தேடும்போது பெரும்பாலும் ஒரு மனிதரிடம் போய் நிற்பீர்கள். "வேலை சீக்கிரம் முடிந்தது" என்று ஆரம்பித்தால், "சக ஊழியர் தன் பகுதியை நேற்றே முடித்துவைத்திருந்தார்" என்று முடியும். மறுநாள் அவரைப் பார்க்கும்போது உங்கள் முகம் கொஞ்சம் மாறியிருக்கும். எழுதிவைத்த நோட்டைவிட எனக்கு இந்த முக மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அம்மாவுக்கு இதயப் பிரச்சினை, இரத்த அழுத்தமும் உண்டு. உறவினர் ஒருவர் "நன்றியுணர்வோடு இருந்தால் உடம்பு தானாகச் சரியாகும், இத்தனை மாத்திரை எதற்கு" என்கிறார். அம்மாவும் நம்ப ஆரம்பித்துவிட்டார். என்ன சொல்வது?

மாத்திரையில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது என்று சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மருந்தின் அளவை மாற்றுவது அம்மாவைப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

உறவினர் சொல்வதற்கு மூலம் எங்கே என்று பார்த்தால், சில ஆய்வுகள் இருக்கின்றன. இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் இன்னும் வெளியே தெரியாத கட்டத்தில் இருந்த நோயாளிகள் எட்டு வாரம் நன்றிக் குறிப்பு எழுதினார்கள், அவர்கள் இரத்தத்தில் அழற்சியை, அதாவது உடம்புக்குள் வீக்கம் போல நடக்கும் எதிர்வினையை, காட்டும் சில அளவுகள் குறைந்தன. 2016-இல் வந்தது அது. மொத்தம் 70 பேரை வைத்துச் செய்த முன்னோட்டம்தான், தவிர அவர்கள் யாரும் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு எழுதவில்லை. சிகிச்சையோடு சேர்த்து எழுதினார்கள்.

2024-இல் இன்னொன்று பரவலாகப் பேசப்பட்டது. அமெரிக்காவில் 49,275 வயதான பெண் செவிலியர்களிடம், சராசரி வயது 79, நன்றியுணர்வு பற்றிய கேள்வித்தாளை 2016-இல் கொடுத்து, 2019 வரை கவனித்தார்கள். நன்றியுணர்வு அதிகம் இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரைவிட இறப்பு அபாயம் சுமார் 9 சதவீதம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கவனித்துப் பார்த்த ஆய்வு, யாருக்கும் பயிற்சி கொடுத்துச் சோதித்தது இல்லை. உடம்பு ஓரளவு நன்றாக இருப்பவருக்கு நன்றி தோன்றுவது எளிது என்பதும் இதில் கலந்திருக்கலாம். ஆய்வாளர்கள் உடல்நிலை, பொருளாதாரநிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள், ஆனாலும் இந்த வகை ஆய்வால் காரணத்தை உறுதியாக நிரூபிக்க முடியாது.

அம்மா எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும். மனம் கொஞ்சம் லேசானால் நடைப்பயிற்சிக்குப் போகத் தோன்றும், மருந்தை நேரத்துக்குப் போடத் தோன்றும், அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருக்கத் தோன்றும். உடம்புக்குப் போகும் நன்மையில் நிறைய இந்த வழியாகத்தான் போகிறது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார், உனக்கு என்ன குறை" என்றுதான் நன்றியுணர்வை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி நினைத்தால் எனக்கு நன்றி வருவதில்லை, குற்ற உணர்ச்சிதான் வருகிறது.

வரத்தான் செய்யும். அடுத்தவர் துன்பத்தை அளவுகோலாக வைத்து நம் சந்தோஷத்தை அளப்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. அதில் அந்த மனிதருக்கும் மரியாதை இல்லை, உங்கள் வலிக்கும் மரியாதை இல்லை. உங்களுக்கு முதுகு வலித்தால் வலிக்கிறது, வேறொருவருக்குக் கால் முறிந்திருப்பதால் அது குறையப்போவதில்லை.

ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் உங்கள் வாழ்க்கையை உங்கள் வாழ்க்கையோடே ஒப்பிடுங்கள். நெருங்கிய நண்பர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரை நீங்கள் சந்திக்காமலேயே போயிருக்க எத்தனை வழிகள் இருந்தன என்று யோசியுங்கள். அன்று அந்த வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அவர் அப்பாவுக்கு வேலை மாற்றம் ஒரு வருடம் முன்பே வந்திருந்தால், அந்த நேர்காணலுக்கு நீங்கள் போகாமல் இருந்திருந்தால். 2008-இல் மின்கியுங் கூ என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதைச் சோதித்தார்கள். நல்ல விஷயம் எப்படி நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களின் மனநிலை, அது எப்படி நடந்தது என்று எழுதியவர்களின் மனநிலையைவிட மேம்பட்டது. முன்கூட்டிக் கேட்டபோது ஆட்கள் இதற்கு நேர்மாறாகத்தான் ஊகித்தார்களாம். இழந்திருந்தால் என்று யோசிப்பது வருத்தத்தைத் தரும் என்று நினைக்கிறோம், ஆனால் பழகிப்போனதைத் திரும்பப் புதிதாகப் பார்க்க வைக்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம்): வீட்டில் நான் எதையாவது சரியில்லை என்று சொன்னால், கணவரும் அவர் வீட்டாரும் "இவ்வளவு செய்கிறோம், நன்றி கெட்டவள்" என்கிறார்கள். சில நாள் கத்துவதோடு நிற்பதில்லை. உங்கள் பதிலைப் படித்துவிட்டு, குறை எனக்குள்தான் இருக்கிறதோ, நன்றியோடு இருக்கப் பழகினால் எல்லாம் சரியாகுமோ என்று தோன்றியது.

உங்கள் கடிதத்தை நிறைய நேரம் கையில் வைத்திருந்தேன். அம்மா, குறை உங்களுக்குள் இல்லை. நீங்கள் கேட்பது மரியாதை, அதைக் கேட்பதும் நன்றி இல்லாமல் இருப்பதும் ஒன்று ஆகவே ஆகாது.

கொடுத்துவிட்டு, "கொடுத்தேனே, இனி வாயைத் திறக்காதே" என்று சொன்னால் அது கடன் கொடுத்த மாதிரி. அந்த இடத்தில் நன்றி பிறக்காது, பிறக்கவும் கூடாது. பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2006-இல் இதைக் காட்டியது: உதவி செய்தவர் பதிலுக்கு எதிர்பார்ப்பது கூடக்கூட, பெற்றவர் மனதில் கடன்பட்ட உணர்வு ஏறுகிறது, நன்றியுணர்வு இறங்குகிறது. நீங்கள் உணர்வதும் அதுதான், உங்கள் மனம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

நன்றிப் பயிற்சியை ஆராய்கிறவர்களே, துன்புறுத்தும் உறவில் இருப்பவருக்கு இது தீங்காகலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அடிப்பவரிடம் நல்ல குணங்களைத் தேடித்தேடி எழுதிக்கொண்டிருந்தால், வெளியே வரவேண்டிய நேரத்தில் உள்ளேயே இருந்துவிடுவோம். ஆகவே அவர்களைப் பற்றி எந்த நோட்டிலும் நன்றி எழுதாதீர்கள். "கத்துவதோடு நிற்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன, எப்போது நடந்தது என்பதைத் தேதியோடு குறித்து, வீட்டார் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், அக்காவோ தோழியோ, முழுவதும் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி மையத்தையும் ஒரு வழக்கறிஞரையும் அணுகுங்கள். அவசரத்தில் கிளம்ப வேண்டி வந்தால் எங்கே போவது, எந்த ஆவணங்களை எடுப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள். நன்றி சொல்ல யாராவது வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் நம்பிக் கேட்கிற அந்த ஒருவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இறந்ததிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. நன்றி எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை, "இதுகூட என்னால் முடியவில்லை" என்று அழுகைதான் வருகிறது.

அப்படியானால் இப்போதைக்கு எழுத வேண்டாம். துக்கத்தில் இருப்பவரிடம் நல்லதைப் பார் என்று சொல்வது கொடுமை, அதை உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளாதீர்கள். அழ வந்தால் அழுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள், அதில் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

மனச்சோர்வு என்ற நோய்க்கு இந்தப் பயிற்சி சிகிச்சை ஆகாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். 27 ஆய்வுகளை, 3,675 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், நன்றிப் பயிற்சியால் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்த அளவு மிகச் சிறியது என்றுதான் தெரிந்தது. நன்றாக இருப்பவரைக் கொஞ்சம் இன்னும் நன்றாக வைக்கும் பழக்கத்தை, விழுந்து கிடப்பவர் தலையில் மருந்தென்று ஏற்றக் கூடாது. எதிலும் ஆர்வமின்மை, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது, தன்னை வெறுப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். துக்கம்தானே, தானாகப் போகட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பின்னால் ஒரு நாள் அப்பாவின் நினைவு வரும்போது அழுகையோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வரும். அவர் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது போல ஏதாவது. அன்று எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

கேள்வி: காலையில் எழுதுவதா, இரவிலா? செல்போனில் எழுதலாமா?

தூக்கம்தான் உங்கள் பிரச்சினை என்றால் இரவில். 2009-இல் 401 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், படுக்கையில் விழுந்தபின் அவர்கள் மனதில் ஓடும் எண்ணங்கள் நல்லவிதமாக இருந்ததுதான் காரணமாகத் தெரிந்தது. மற்றபடி நேரம் உங்கள் விருப்பம். செல்போனில் எழுதலாம், ஆனால் எழுதத் திறந்த போனில் எதைஎதையோ பார்த்துவிட்டு நள்ளிரவில் மூடுகிறவராக இருந்தால் காகிதமே நல்லது.

கேள்வி: ஏழு வயது மகனை யார் எது கொடுத்தாலும் "நன்றி சொல்லு, நன்றி சொல்லு" என்று பிடுங்குகிறேன். சொல்கிறான், ஆனால் மனதில் ஏறியதாகத் தெரியவில்லை.

சொல்ல வைப்பதை விட வேண்டாம், அது மரியாதை, அதுவும் தேவைதான். கூடவே கேள்வி கேளுங்கள். "மாமா உனக்கு இதுதான் பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்?" "இதைச் செய்ய அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" பொருளுக்குப் பின்னால் ஒருவர் யோசித்திருக்கிறார், நேரம் செலவிட்டிருக்கிறார் என்பது அவனுக்குத் தானாகத் தெரிய வேண்டும். அப்புறம், அவன் ஏதாவது செய்தால் நீங்களும் அவனுக்கு அதே மாதிரி விவரமாகச் சொல்லுங்கள். வெறும் "தேங்க்ஸ்டா" என்று நிறுத்தாமல், "தம்பி தூங்குகிறான் என்று கதவை மெதுவாகச் சாத்தினாயே, அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது."

கேள்வி: பள்ளியில் என்னைத் தூக்கிவிட்ட ஆசிரியை ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக நினைக்கிறேன். இத்தனை காலம் கழித்து எழுதினால் விசித்திரமாக நினைப்பாரோ, என்னை ஞாபகமே இருக்காதோ, எனக்கு அழகாக எழுதவும் வராது.

இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை நன்றிக் கடிதம் எழுதி அனுப்ப வைத்து, பெறுகிறவர் எப்படி உணர்வார் என்று ஊகிக்கச் சொன்னார்கள், பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் ஆச்சரியப்பட்டார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள், சங்கடம் மட்டும் நினைத்ததைவிடக் குறைவு. எழுதுகிறவர் சரியான வார்த்தை கிடைக்கவில்லையே என்று தவிக்கிறார், பெறுகிறவரோ கடிதத்தில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார். அழகாக எழுத வராது என்ற கவலையை இத்தோடு விடுங்கள்.

செலிக்மேனின் அந்த 2005 ஆய்வில், கடிதத்தை எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் பயிற்சியும் இருந்தது. சோதித்த பயிற்சிகளிலேயே உடனடிப் பலன் அதிகமாக இருந்தது இதற்குத்தான், ஆனால் அது ஒரு மாத அளவில் நீடித்து, பிறகு தேய்ந்துபோனது. அதில் குறை ஒன்றும் இல்லை, நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவரோடு முடிந்துவிடுவதில்லையே.

எழுதும்போது "நீங்கள் எனக்கு எவ்வளவோ செய்தீர்கள்" என்று பொதுவாக ஆரம்பிக்காதீர்கள். முதல் வரியில் நீங்கள் யார், எந்த வருடம், எந்த வகுப்பு என்று சொல்லிவிடுங்கள், ஞாபகம் இல்லையென்றாலும் அவருக்குச் சங்கடம் இருக்காது. அடுத்து அவர் செய்த ஒரே ஒரு காரியம், நடந்தது நடந்தபடி. அது இன்றுவரை உங்களிடம் எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி. பதில் எழுதத் தேவையில்லை, தெரிவிக்கத்தான் எழுதினேன் என்று ஒரு வரி சேர்த்தால் வயதானவருக்கு அது ஒரு நிம்மதி.

அனுப்பத் துணிவு வரவில்லை என்றாலும் எழுதிவிடுங்கள். மனநல ஆலோசனைக்கு வந்த சுமார் 300 பேரை வைத்து ஜோயல் வாங் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் செய்த ஆய்வில், ஆலோசனையோடு நன்றிக் கடிதமும் எழுதியவர்களின் மனநலம் நான்கு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. ஆனால் கடிதத்தை அனுப்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆசிரியைக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. முகவரி தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது உங்களுடன் படித்தவர்களில் யாராவது இன்னும் தொடர்பில் இருப்பார்கள். ஒருவேளை அவர் இப்போது இல்லை என்று தெரியவந்தால், கடிதத்தை அவர் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். வகுப்பறையில் தங்கள் அம்மா எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.